சாளையில் டிவி தெரியலைன்னா

டவுன்ல இருக்கிற உங்களுக்கு டிவி தெரியலைன்னா ஒரு போன் போட்டா போதும், அரை மணி நேரத்துல ஆள் வந்துருவான். எங்க சாளைக்கு ஆள் வரணும்னா மூணு நாள் ஆகும். அதுவும் மண்ரோடு சேறா இல்லாம இருந்தா. அதனால டிஷ், ஒயரு, பாக்ஸ் இதெல்லாம் என்ன ஏதுன்னு நாங்களே தெரிஞ்சு வச்சுக்க வேண்டியதா இருக்கு. மோட்டார் ஓடலைன்னா ஸ்டார்ட்டரைத் திறந்து பார்க்கிற மாதிரிதான் இதுவும்.

சாளைன்னா தோட்டத்துக்குள்ள, கிணத்து மேட்டுக்கும் கட்டுத்தறிக்கும் நடுவுல இருக்கிற ஓட்டு வீடு. கொங்கு பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். ஊர் எங்களுக்கு ஒன்றரை கிலோமீட்டர். நான், சம்சாரம், பையன் ஊருக்குள்ள இருக்கிறோம். அம்மா சாளையில இருக்காங்க, வயசு 78. அப்பா போன பிறகும் அங்கிருந்து நகர மாட்டேன்னுட்டாங்க. ஒரு மாடு, ஒரு கன்னுக்குட்டி, நாலு கோழி, அப்புறம் ஒரு டிவி. 2006 தேர்தல்ல சொல்லி அப்புறம் ஊரு ஊரா குடுத்தாங்களே அந்த 14 இன்ச் கலர் டிவி, அதேதான். இன்னும் ஓடுது. ஊர் வீட்டுல பையன் வாங்கின பெரிய டிவி ரெண்டு தடவை பேனல் போயிருச்சு, இது மட்டும் அசையல.

கேபிள் ஏன் இழுக்கலைன்னு கேப்பீங்க. கேட்டுப் பார்த்தோம். ஒயர் நீளம் ஆக ஆக சிக்னல் செத்துக்கிட்டே வரும். நடுவுல ஆம்ப்ளிபயர் வைக்கணும், அதுக்குக் கரண்ட் வேணும், ஒரு சாளைக்காக எவன் செய்வான்? வச்சாலும் எலியும் அணிலும் விடாது. அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்னு இருந்தப்போ ஊருக்குள்ள எல்லாரும் சந்தோஷமா பார்த்தாங்க, அந்த 70 ரூபாய் தோட்டங்காட்டுக்கு வந்து சேரல. ஆக, டிஷ்தான் கதி.

என் வயசுக்காரங்களுக்கு டிவின்னாலே திருப்புறதுதான் ஞாபகம் வரும். கொடைக்கானல் டவரைப் பார்த்து அலுமினிய ஆண்டெனாவைத் திருப்பி, பூஸ்டர் போட்டு, "தெரியுதா, தெரியுதா"ன்னு கத்தி, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் போடறதுக்குள்ள படத்தைக் கொண்டு வரணும். பாதி நேரம் புள்ளி புள்ளியாத்தான் வரும், ஆனாலும் வரும். அது ஒரு நல்ல குணம். இப்போ வர்ற டிஜிட்டல்ல அந்த நடுவாந்தரமே கிடையாது. ஒண்ணு கண்ணாடி மாதிரி இருக்கும், இல்லைன்னா கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னு போயிரும். அதனால கோளாறு எங்கன்னு படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, வேற விதமா யோசிக்கணும்.

எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது எங்க அக்கா பையன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில ஆறு வருஷம் ஓடினவன். போர்வெல் ரிக்குன்னா ரெண்டு லாரி. ஒண்ணுல துளை போடற மிஷினு, இன்னொண்ணுல பைப்பு, டீசல், அரிசி, பருப்பு, ஆளுங்க. மாசக்கணக்கா அந்த லாரிதான் வீடு. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான்னு இன்னைக்கு ஒரு ஊர், நாளான்னைக்கு ஒரு ஊர். சாயங்காலம் சமையல் பண்ணி முடிச்சதும் தமிழ்ல நாலு வார்த்தை கேக்கணும்னு ஒரு டிஷ்ஷும் பாக்ஸும் வச்சிருந்தாங்களாம். போற இடத்துல எல்லாம் புதுசா டிஷ் வைக்கணும்.

"மொதல்ல ரொம்ப சிரமப்பட்டோம் மாமா. லாரி மேலயே கட்டினோம். கம்ப்ரசர் ஓடினா லாரி அதிரும், படம் நின்னு போயிரும். அப்புறம் ஒரு இரும்பு ஸ்டாண்டுல டிஷ்ஷைக் கட்டி, காலுக்கு மண்ணு மூட்டை வச்சு, தரையில நிறுத்திட்டோம்" என்றான். லாரி பேட்டரி 24 வோல்ட், பாக்ஸுக்கு 12 வோல்ட். அதுக்கு நடுவுல ஒரு கன்வெர்ட்டர் போட்டாங்களாம். சும்மா நேரா குடுத்திருந்தா பாக்ஸ் புகைஞ்சிருக்கும்.

திசை எப்படிப்பா கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன். அவன் சொன்ன யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. புது ஊருக்குப் போனதும் அதே கம்பெனி டிஷ் எந்த வீட்டு மேல இருக்குன்னு பார்ப்பானாம். அது எந்தப் பக்கம் பார்க்குதோ, எவ்வளவு சாஞ்சிருக்கோ, அதே மாதிரி வச்சுட்டா முக்கால் வேலை முடிஞ்சுது. சேட்டிலைட் 36,000 கிலோமீட்டர் உயரத்துல, பூமத்திய ரேகைக்கு நேர் மேல, ஒரே இடத்துல நிக்கிற மாதிரி பூமியோட சுத்துது. ஒரு ஊருக்குள்ள எல்லாருக்கும் அது ஒரே திசைதான். ஊர் மாறினாத்தான் மாறும். தூர்தர்ஷன் இலவச டிஷ் பார்க்கிற சேட்டிலைட் 93.5 டிகிரி கிழக்குல இருக்கு. எங்க பக்கத்துல இருந்து பார்த்தா அது தென்கிழக்கே, தரையில இருந்து 67 டிகிரி உயரத்துல. கிட்டத்தட்ட அண்ணாந்து பார்க்கணும். ராஜஸ்தான் போனா அதுவே 52 டிகிரிக்கு இறங்கிரும், திசையும் கொஞ்சம் தெற்கே தள்ளும். வடக்கே போகப் போக டிஷ் தலையைக் குனியும்னு அவன் சொன்னப்ப, இவ்வளவு விஷயம் லாரியில ஓடித்தான் தெரிஞ்சுக்கணுமான்னு தோணுச்சு.

இப்போ எங்க சாளைக் கதைக்கு வர்றேன்.

போன செப்டம்பர்ல அம்மா, "கண்ணு, டிவி நின்னு நின்னு வருது" என்றார். காத்து அடிச்சா படம் உடையும், காத்து நின்னா வரும். பத்து நாள் கழிச்சு முழுசா போயிருச்சு. டவுன் கடையில இருந்து ஒரு பையன் வந்தான். அண்ணாந்து பார்த்தான். "தென்னமரம் மறைக்குதுங்க. மரத்தை எடுத்துருங்க, இல்லைன்னா ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி, வந்த கூலி வாங்கிட்டுப் போயிட்டான்.

அந்த மரம் அப்பா வச்சது. சாளை கட்டின வருஷம் வச்ச நாலு கன்னுல அது ஒண்ணுதான் தங்குச்சு. வருஷம் நூத்துச் சொச்சம் காய் குடுக்கிற மரம். அம்மா ஒண்ணும் பேசல. "டிவி கெடக்குது சாமி, மரம் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

டிவி இல்லாம அந்த இருபது நாள் எப்படிப் போச்சுன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாதுன்னு இல்லை, ஆனா அவங்க கடிகாரம் டிவிதான். இந்த நாடகம் முடிஞ்சா கன்னுக்குட்டியைப் பிரிச்சுக் கட்டணும், அந்த நாடகம் ஆரம்பிச்சா அடுப்பு பத்த வைக்கணும். முன்னெல்லாம் சுத்து வட்டாரத்துச் சாளையில எல்லாம் ஆள் இருந்தாங்க. பொழுதோட வந்து திண்ணையில உக்காந்து பேசிட்டுப் போவாங்க. ஒவ்வொருத்தரா டவுனுக்குப் போயிட்டாங்க, மீதி இருக்கிறவங்களும் டிவி வந்ததும் அவங்கவங்க வீட்டுல உக்காந்துக்கிட்டாங்க. மனுஷங்களைத் திண்ணையில இருந்து எழுப்பி விட்டது இந்தப் பொட்டிதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா எழுந்து போனவங்க திரும்பி வரமாட்டாங்களே. இப்போ அம்மாகிட்ட ராத்திரியில பேசுறதுக்கு அந்தப் பொட்டி ஒண்ணுதான் இருக்கு.

ஒரு நாள் ஆறரை மணிக்குப் போனா விளக்குக்கூட போடாம படுத்திருந்தாங்க. என்னம்மா சாப்பிட்டீங்கன்னா, "மோர் குடிச்சுட்டேன் சாமி, எனக்கு ஒருத்திக்கு என்னத்தை ஆக்கறது?" அந்த வாரமே தம்பி கோயமுத்தூர்ல இருந்து போன் பண்ணி, அம்மாவை அவன் பிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னான். எப்பவும் "நான் வல்லை"ன்னு ஒரே வார்த்தையில முடிக்கிறவங்க, அன்னைக்கு "பாக்கலாம்"னு சொன்னாங்க. எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. மாட்டை விக்கணும்னா யாரு வாங்குவாங்கன்னு என் சம்சாரத்துகிட்ட விசாரிச்சிருக்காங்க.

அக்கா பையனுக்குப் போன் போட்டேன். அவன் இப்போ ரிக்கை விட்டுட்டு ஊர்லதான் இருக்கான். "மரத்தைத் தொடாதீங்க மாமா, நான் ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றான். அன்னைக்குச் செப்டம்பர் கடைசி. வந்தவன் ஏணி கேக்கல. பதினோரு மணி வரைக்கும் திண்ணையில உக்காந்து டீ குடிச்சான். அப்புறம் எழுந்து, "இப்போ பாருங்க" என்று காட்டினான்.

வருஷத்துல ரெண்டு தடவை, மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசியிலயும், சில நாள் சூரியன் சேட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்து நிக்கும். எங்க ஊர்ல 93.5 டிகிரிக்கு அது காலை பதினோரு மணி வாக்குல. அந்த நேரத்துல டிவியே சில நிமிஷம் தடுமாறும். டிஷ் மேல அப்போ வெயில் விழுந்தா வழி திறந்திருக்கு. நிழல் விழுந்தா, அந்த நிழல் எதோடதோ அதுதான் மறைக்குது. எங்க டிஷ் மேல தென்ன மட்டை நிழல் கோடு கோடா விழுந்துட்டு இருந்துச்சு. மட்டை ஆடுனா நிழலும் ஆடுச்சு. காத்தடிச்சா படம் உடைஞ்சதுக்குக் காரணம் அதுதான். அந்தக் கடைப் பையன் சொன்னது பொய் இல்லை, மரம்தான் மறைச்சது. ஆனா மரத்தை வெட்டணும்னு யார் சொன்னா? டிஷ்ஷுக்குக் கால் இல்லையா?

சேட்டிலைட் அவ்வளவு உயரத்துல இருக்கிறது நம்ம பக்கத்துக்குப் பெரிய சௌகரியம். டிஷ்ஷுக்கு மேல 40 அடி உயரம் நிக்கிற மரம்கூட 17 அடி தள்ளி இருந்தா மறைக்காது. தென்னைக்கு மட்டை பத்துப் பன்னண்டு அடி வெளிய நீட்டும், அதையும் சேர்த்து 30 அடின்னு வச்சுக்கலாம். சாளை முத்தத்துல வெயில் விழுகிற இடமாப் பார்த்து நடந்தோம். கட்டுத்தறிக்கு மேற்கால மூலையில நல்ல வெயில். அங்க குழாயை நட்டு, காங்கிரீட் போட்டோம்.

டிஷ்ஷை மாத்தியும் உடனே வரல. பாக்ஸ் மெனுவுல ரெண்டு கோடு காட்டும், ஸ்ட்ரெங்த், குவாலிட்டின்னு. முதல் கோடு இருந்து ரெண்டாவது கோடு பூஜ்யம்னா ஒயர் நல்லாருக்கு, டிஷ் வேற எங்கயோ பார்க்குதுன்னு அர்த்தம். ரெண்டுமே பூஜ்யம்னா ஒயர், பின்னு, இல்லைன்னா டிஷ் மூக்குல இருக்கிற எல்என்பி. எங்களுக்கு ரெண்டாவது கோடு 70க்கு வந்துருச்சு, ஆனா பாதி சேனல்தான் வந்துச்சு. செய்தி வருது, அம்மாவோட நாடகம் வரல! "அவங்க நிறுத்திப் போட்டாங்க போல"ன்னு அம்மா சொல்லிட்டாங்க.

அக்கா பையன் சிரிச்சான். பாக்ஸ் அந்த ஒயர் வழியாவே எல்என்பிக்குக் கரண்ட் அனுப்புது. 13 வோல்ட் அனுப்பினா ஒரு பாதி சேனல், 18 வோல்ட் அனுப்பினா மறுபாதி. ஒயர்ல எங்கயாவது பிடிப்பு சரியில்லைன்னா 18 போய்ச் சேராது, பாதி சேனல் செத்துப் போயிரும். ஒயரைத் தடவிக்கிட்டே வந்தோம். ஓட்டு விளிம்புல பழைய ஆள் ரெண்டு ஒயரை முறுக்கி டேப் சுத்தி வச்சிருந்தான். பிரிச்சா உள்ள தண்ணி, செம்பு பச்சையாயிருச்சு. ஒட்டே போடாம புது ஒயர் ஒரே நீளமா இழுத்தோம். பின்னு மாட்டறப்ப வெளிவலையோட ஒரு நூல்கூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது, தொட்டா ஷார்ட். எல்என்பிக்கு வர்ற இடத்துல ஒயரைக் கீழே ஒரு வளையம் தொங்க விடணும், மழைத்தண்ணி அந்த வளையத்துல சொட்டிரும், பின்னுக்குள்ள போகாது. செலவு முன்னூத்தி எண்பது ரூபாய், ஒரு மூட்டை சிமெண்டுல மிச்சம் இருந்தது போக.

மயிலைப் பத்திச் சொல்லாம விட்டா எங்க பக்கத்துக்காரங்க கோவிச்சுக்குவாங்க. தக்காளியைத் தின்னுச்சு, மிளகா நாத்தைப் பிடுங்குச்சு, பத்தாததுக்கு டிஷ் மேல ஏறி உக்காருது. நாலு கிலோ பறவை உக்காந்தா டிஷ் கொஞ்சம் தலை சாயும், ரெண்டு டிகிரி போதும் படம் போக. அடிக்கவும் முடியாது, தேசியப் பறவை. அதனால டிஷ் மேல் விளிம்புல சைக்கிள் கம்பி நாலு கட்டி விட்டிருக்கிறோம். சரியா நிக்கிறப்பவே குழாய்லயும் தாங்கியிலயும் ஒரே கோடா பெயிண்ட் அடிச்சாச்சு. கோடு விலகியிருந்தா அம்மாவே போன்ல சொல்லிருவாங்க, நான் வந்து திருப்பிக்குவேன்.

மழை பேஞ்சு படம் போனா மட்டும் ஒண்ணும் செய்யாதீங்க. கருமேகம் தாண்டினதும் தானா வரும். அதுக்குள்ள ரிமோட்டை நோண்டி, டிவியை ஏவி மோடுல இருந்து மாத்தி விட்டுட்டு, "மழைக்கு அப்புறமும் வரலைங்க"ன்னு சொல்றவங்கதான் அதிகம்.

அன்னைக்கு ராத்திரி அம்மா அரிசியும் பருப்பும் ஆக்கினாங்க. இருபது நாள் விட்டுப்போனதுல நாடகத்துல கதாநாயகி எப்படி ஜெயிலுக்குப் போனான்னு தெரியல. அடுத்த நாள் பால் ஊத்தப் போறப்ப பக்கத்துத் தோட்டத்து அத்தையை நிறுத்தி வச்சு அரை மணி நேரம் கேட்டிருக்காங்க. தம்பி மறுபடி போன் பண்ணினப்ப, "நான் வல்லை"ன்னு சொன்னது எனக்கு வாசல் வரைக்கும் கேட்டுச்சு. பழைய டிஷ் நின்ன குழாயைப் பிடுங்கலாம்னு போனேன், வேண்டாம்னுட்டாங்க. அதுல இப்போ அவரைக் கொடி ஏத்தியிருக்காங்க.