பாஸ்புக்

ஆயுதப்படை மைதானத்தின் ஓரத்தில் காவலர் கேண்டீன். அதை ஒட்டி, பழைய சாமான் போட்டு வைத்திருந்த ஒற்றை அறை. புதன்கிழமைகளில் அங்கே மனநல ஆலோசகர் ஒருவர் வந்து உட்காருகிறார். என் அப்பா ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ. முழங்கால் வலியால் அவரால் வர முடியாது. அவருடைய அட்டையை எடுத்துக்கொண்டு மளிகை வாங்க நான்தான் வருகிறேன். டோக்கன் கூப்பிட இரண்டு மணி நேரம் ஆகும். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தக் கதவு நேர் எதிரே.

கதவில் பலகை கிடையாது. 'மனநலம்' என்று எழுதிப் போட்டிருந்தால் இந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காலையில் ஆலோசகர் அம்மா வந்ததும் செய்கிற முதல் வேலை, மேசையைச் சுவரோரம் தள்ளுவது. அறையைப் பெருக்குகிறவர் ஒவ்வொரு முறையும் அதை நடுவில் இழுத்துப் போட்டிருப்பார். இவர் ஒவ்வொரு முறையும் தள்ளுவார். காவல் நிலையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பவர், இந்தப் பக்கம் நிற்பவர் பதில் சொல்லியாக வேண்டியவர். இருபது வருஷம் அப்படியே பழகியவரை இன்னொரு மேசைக்கு முன்னால் உட்கார வைத்தால் அவர் வாய் திறப்பாரா? இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சற்றுச் சாய்வாகப் போடுகிறார். ஒன்று சுவருக்கு முதுகு கொடுத்து வாசலைப் பார்த்திருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் உட்காருகிறார்கள். வாசலுக்கு முதுகு காட்டி அப்பா உட்கார்ந்து நான் வீட்டிலும் பார்த்ததில்லை.

நோட்டும் பேனாவும் மேசைமேல், மூடியபடி. ஸ்டேஷனில் எல்லாமே எழுத்து. டியூட்டிக்கு வந்தது, போனது, பாரா மாறியது, எல்லாம் பொது நாட்குறிப்பில் ஏறும். எழுதியது ஒருநாள் மெமோவாகத் திரும்பி வரும் என்ற பயம் அவர்களுக்குள் ஊறிப்போனது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தை அவருடைய உரிமை என்கிறது. ஆனால் துப்பாக்கிப் பாராவிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டால் ஏன் எடுத்தார்கள் என்பது மாலைக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸோடு பெஞ்சுக்கு வந்த அந்த அம்மா, "நான் பேனாவை எடுத்தா அவங்க பேச்சு நின்னுரும்ங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றைக்கு ஒரு ஏட்டையா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூன்று முறை அந்த அறையைத் தாண்டிப் போனார். முதல் முறை காதில் போன். திரையில் வெளிச்சம் இல்லை. இரண்டாம் முறை கேண்டீன் விலைப்பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தார். மூன்றாம் முறை என் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். பக்கத்தில் வங்கி பாஸ்புக் ஒன்றை வைத்திருந்தார். ஓரம் நைந்து, வியர்வையில் வளைந்தது. பிறகு சடாரென்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலின் கீழ்ப்பாதி வழியே அவர் முழங்காலும் அதன்மேல் தொப்பியும் தெரிந்தன. பேச்சு கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. தொப்பியை விரல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. சின்னம் முன்னால் வரும்போதெல்லாம் கட்டைவிரல் அதைத் துடைக்கும். போன் அடித்தது. அது மட்டும் உரக்க வந்தது: "பேங்க்ல இருக்கேன் சார். வந்துர்றேன் சார்." மறுபடி நிசப்தம். தொப்பி சுற்றுவது நின்றது. ஒரு கை தண்ணீர் டம்ளரை நீட்டியது. அவர் வாங்கினார். குடிக்கவில்லை, வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவிடம் யாரும் அப்படி ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டியதில்லை. ரயில் தண்டவாளத்திலிருந்தோ கிணற்றிலிருந்தோ பிரேதத்தை எடுத்து ஜி.எச். வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் நாளில், கொல்லைப்புறம் வழியாக வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார். அம்மா எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பாள். அந்த விரலும் சேர்ந்துதான் அவர் வாயை அடைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

1861ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம், 22ஆம் பிரிவில், காவலர் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று எழுதிவைத்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸோடு சேர்ந்து தமிழகக் காவல்துறை நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. குடும்பத்தாரையும் அதில் சேர்த்தார்கள், நல்ல காரியம். 2021இல் காவலர்களுக்கு வார ஓய்வு என்று உத்தரவு வந்தது. திருவிழா, தலைவர் வருகை, கலவரம் என்று பந்தோபஸ்து விழுந்தால் முதலில் பறிபோவது அந்த ஒருநாள்தான். 2023 ஜூலையில் கோவையில் சரக டி.ஐ.ஜி. ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது அப்பா டி.வி.யை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு உயரத்தில் இருந்தவருக்கே இப்படி என்றால் கீழே நிற்கிறவர் யாரிடம் போய்ச் சொல்வார்? இந்த அறையால் டியூட்டி சார்ட்டைத் திருத்த முடியாது, லீவு தர முடியாது. தூங்காத மனுஷனுக்கு முதலில் தூக்கம் வேண்டும். அதைக் கொடுக்கும் அதிகாரம் வேறு கட்டடத்தில் இருக்கிறது. அந்த அம்மாவிடம் இருப்பது இரண்டு நாற்காலியும் அவருடைய பொறுமையும்தான். அதையும் புதன்கிழமை மட்டும் தராமல் தினமும் தர வேண்டும்.

முக்கால் மணி கழித்துக் கதவு திறந்தது. ஏட்டையாவின் கண் ஓரம் சிவந்திருந்தது. டம்ளர் காலியாக நாற்காலிக்கடியில் இருந்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார். உள்ளே அந்த அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அடுத்தவர் வர இன்னும் நேரம் இருந்தது.

பாஸ்புக் பெஞ்சிலேயே கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு எழுவதற்குள் அவரே திரும்பி வந்துவிட்டார். நீட்டினேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துப் பட்டனைப் போட்டார்.

"பேங்க்ல கூட்டம்" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

தலையாட்டினேன்.

"அடுத்த புதனும் வரணும்."