லாயத்து மாடியில் ஓர் இரவு

லண்டனில் நண்பரின் வாடகை வீட்டுக்குச் சென்றபோது அதன் அகன்ற வாசல் எங்களை நிறுத்தியது. சாரட்டுகள் நுழைந்த வழி அது. மாளிகைகளின் பின்சந்துகளில், கீழே குதிரைகளும் மேலே வண்டியோட்டியின் குடும்பமும் வாழ்ந்த லாயங்கள், மோட்டார் வண்டிகள் பெருகியபின் வீடுகளாயின. இச்சந்துகளை 'மியூஸ்' என்பர். சேரிங் கிராஸில் அரசரின் வேட்டை வல்லூறுகள் இறகுதிர்க்கும் காலத்தில் அடைபட்டிருந்த கூடத்தின் பெயர் அது. 1534இல் கூடம் எரிந்தது. அங்கே லாயம் எழுந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. பின்னர் எல்லா லாயச் சந்துகளுக்கும் அதுவே பெயராயிற்று.

பறவைக்குக்கூட ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. லத்தி வாடையில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. இன்று செல்வந்தர் விரும்பி வாங்கும் அந்த மாடியில் அன்றிரவு படுத்திருந்தோம். உறக்கம் வர நெடுநேரமாயிற்று.