மலையை மறைக்காத நகரங்கள்

2025 ஓகஸ்ட் 11, திங்கள் – ஹலிஃபக்ஸ்

கோட்டை மேட்டின் புற்சரிவில் இருந்தோம். சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி வெடித்தது. பேத்தி திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகரத் திட்டமிடல் படிக்கிறாள். ஏழு நகரங்களின் ஸ்கைலைனைப் பென்சிலால் வரைய வேண்டுமாம். துணைக்கு என்னைக் கேட்டாள். ரொறன்ரோவின் வங்கிக் கட்டடங்களை முப்பது வருடம் இரவில் துப்புரவு செய்தவன் நான். அவற்றைத் தூர நின்று ஆறுதலாகப் பார்க்க எனக்கு நேரம் வாய்த்ததில்லை. உடனே சம்மதித்தேன்.

இந்த மேட்டிலிருந்து துறைமுகம் தெரிய வேண்டும் என்று 1974இல் நகரசபை சட்டம் செய்திருக்கிறது. குறித்த பார்வைக் கோடுகளுக்குள் எந்தக் கட்டடமும் தலை நீட்ட முடியாது. அன்று எதிரிக் கப்பலைக் காணச் சிப்பாய்கள் காவல் நின்ற இடம். இன்று யாரும் வந்து காசு கொடுக்காமல் கடலைப் பார்க்கலாம்.

1986இலும் இதே ஓகஸ்ட் 11. நியூஃபண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். மூடுபனியில் அவர்களுக்குக் கரை தெரியவில்லை. அடுத்த வருடம் நான் கனடாவுக்கு வந்து சேர்ந்தேன். கடலையும் கரையையும் மறைக்காமல் வைத்திருக்கும் நகரத்தில் இந்த நாளைக் கழித்தது மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஓகஸ்ட் 14, வியாழன் – மொன்றியல்

நேற்று மத்தியானம் ஏறிய ரயில் இன்று காலை வந்து சேர்ந்தது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே பிளாஸ் வில் மரி நிற்கிறது. 1962இல் திறந்த, சிலுவை வடிவக் கோபுரம். ரயில்பாதைக்காக வெட்டிய பெரும் பள்ளத்தை மூடி அதன்மேல் எழுப்பியது.

பின்னேரம் மலை ஏறினோம். மொன்ட் றோயலின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 233 மீற்றர். நகரின் எந்தக் கட்டடமும் அந்த மட்டத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. கணக்குத் தரையிலிருந்து இல்லை, கடல்மட்டத்திலிருந்து. அதனால்தான் மிக உயர்ந்த அலுவலகக் கோபுரமும் 205 மீற்றரோடு நின்றுவிட்டது. மேலிருந்து பார்க்கும்போது நகரமே ஒழுங்காகக் கத்தரித்த பூவரசு வேலி போல இருந்தது. அதற்கு அப்பால் சென் லோறன்ஸ் ஆறு.

"மலைக்குப் பயந்த நகரம், அம்மப்பா" என்றாள்.

"பயமில்லைப் பிள்ளை, மரியாதை. எங்கட ஊரிலயும் கோயில் கோபுரத்துக்கு மேலால வீடு கட்ட மாட்டினம்."

அவள் எழுதிக்கொண்டாள்.

இறங்கும்போது பிளாத்தோப் பக்கமாக நடந்தோம். மூன்று மாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வளைந்த இரும்புப் படிகள் தெருவுக்கே இறங்குகின்றன. உள்ளே இடம் மிச்சம் பிடிக்கப் படியை வெளியே வைத்திருக்கிறார்கள். ஒரு படியில் கிழவி ஒருத்தி பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார். அடுத்த படியில் இரண்டு பிள்ளைகள். வானத்துக்கு ஏறாமலே இவ்வளவு பேர் நெருங்கி வாழ முடிகிறது. இந்த நகரத்தின் குணத்தை எனக்குக் காட்டியது அந்தப் படிகள்தான்.

ஓகஸ்ட் 16, சனி – ஒட்டாவா

1916இல் பாராளுமன்றத்தின் நடுக்கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. பின்னால் இருந்த நூலகம் மட்டும் தப்பியது. மீண்டும் கட்டியபோது எழுந்ததுதான் 92 மீற்றர் உயரச் சமாதானக் கோபுரம். அந்த மணிக்கூட்டை எதுவும் விஞ்சக்கூடாது என்று 1960கள் வரை நகரில் உயரக் கட்டுப்பாடு இருந்தது. பிறகு தளர்த்தினார்கள். இப்போது நடுக்கட்டடம் திருத்த வேலைக்காக மூடப்பட்டிருக்கிறது, சுற்றிலும் பாரந்தூக்கிகள். ஆற்றின் மறுகரையில் நின்று பார்த்தோம். பேத்தி பாரந்தூக்கிகளையும் விடாமல் வரைந்தாள். அதுவும் சரிதான். கட்டி முடிந்த நகரம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?

ஓகஸ்ட் 18, திங்கள் – ரொறன்ரோ

வீட்டுக்கு வந்தும் பயணி போலவே நடந்துகொள்ளச் சொன்னாள். பொழுதுபட ரிவர்டேல் பூங்காச் சரிவுக்குப் போனோம். பள்ளத்தாக்குக்கு அப்பால் நகரம் முழுவதும் தெரிகிறது.

சீஎன் கோபுரம் 553 மீற்றர், 1976. 2007 வரை உலகின் மிக உயர்ந்த தனித்து நிற்கும் கட்டுமானம் அதுதான். அதைக் கட்டக் காரணம், நகரில் எழுந்த உயரக் கட்டடங்கள் வானொலி, தொலைக்காட்சி அலைகளை மறித்தது. மற்ற நகரங்கள் கட்டடங்களின் உயரத்தைத் தடுத்தன. ரொறன்ரோ அவற்றையெல்லாம் தாண்டும் ஒரு ஊசியை நட்டது. அந்த ஊசியின் மேலே போய்ப் பார்க்கக் கட்டணம் கட்ட வேண்டும்.

வங்கிகள் இங்கே ஒன்றையொன்று உயரத்தால் முந்தின. 1931இல் 34 மாடியோடு எழுந்த கொமர்ஸ் வங்கிக் கட்டடம் 1962 வரை பிரித்தானியப் பேரரசு நாடுகளிலேயே உயர்ந்தது. 1967இல் மீஸ் வான் டெர் ரோவின் கறுப்புக் கோபுரங்களில் முதலாவது திறந்தது. 1975இல் 72 மாடியோடு வெள்ளைக் கோபுரம் வந்தது. இப்போது தொடர்மாடி வீடுகள் எல்லாவற்றையும் சூழ்ந்துவிட்டன.

இருட்டியதும் யன்னல்கள் எரியத் தொடங்கின. "எவ்வளவு வடிவு" என்றாள். அந்த வெளிச்சம் எப்படி வருகிறது என்று சொன்னேன். அலுவலர்கள் ஐந்து மணிக்கே போய்விடுவார்கள். அதன்பிறகு மாடி மாடியாக விளக்கைப் போட்டுக் குப்பைக்கூடையை வெறுமையாக்கி, தரைவிரிப்பைச் சுத்தம் செய்தவர்கள் நாங்கள். தமிழர், போர்த்துக்கேயர், பிலிப்பினோக்கள். படத்தட்டைகளில் விற்கும் இரவு ரொறன்ரோவின் வெளிச்சத்தில் எங்கள் வேலையும் இருக்கிறது.

செப்டெம்பர், ஒக்டோபரில் விடிய வேலை முடித்து வெளியே வந்தால் நடைபாதையில் சின்னஞ்சிறு குருவிகள் செத்துக் கிடக்கும். தெற்கே வலசை போகிறவை வெளிச்சத்தில் திசை தவறிக் கண்ணாடியில் மோதிவிடும். 1993இல் இந்த நகரில் ஒரு தன்னார்வ அமைப்பு தொடங்கி, அப்படிக் கிடப்பவற்றைப் பொறுக்கி, உயிர் இருப்பவற்றைக் காப்பாற்றி வருகிறது. அதற்கு முன்பே இரண்டு குருவிகளை நான் தொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். ஒன்று பிழைத்தது.

வீடு என்றால் அப்போது சென் ஜேம்ஸ் டவுன். பூங்காவிலிருந்து அதுவும் தெரிந்தது. 1960களில் எழுந்த தொடர்மாடிகள். அங்கே பதினான்காம் மாடியில், இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். அந்த மாடி மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் எங்கே தங்கியிருப்போம்? ஆகையால் உயரமே தவறு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஓகஸ்ட் 20, புதன் – கல்கரி

விமானத்தில் வந்தோம். 1990க்குப் பிறகு இந்த ஊருக்குத் தொடர் பயணிகள் ரயில் கிடையாது. 1968இல் கட்டிய 191 மீற்றர் கல்கரிக் கோபுரம் ஒருகாலம் சமவெளி எங்கும் தெரிந்ததாம். இன்று அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 2012இல் பிறை போல வளைந்த 'போ' கோபுரம், 2017இல் 247 மீற்றர் புரூக்ஃபீல்ட் கோபுரம். எல்லாம் எண்ணெய்ப் பணத்தின் உயரம். தெருவுக்குப் பதினைந்து அடி மேலே கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குக் கண்ணாடிப் பாலங்கள் போகின்றன. குளிருக்கு நல்லது. ஆனால் கீழே தெரு வெறிச்சென்று கிடக்கிறது.

இரவு விடுதி யன்னலில் நின்று எண்ணினேன். எரியாத மாடிகளே கண்ணில் பட்டன. 2014இல் எண்ணெய் விலை விழுந்த பிறகு அலுவலகங்கள் பெருந்தொகையாகக் காலியாகின. 2021 முதல் அவற்றை வீடுகளாக மாற்றுவோருக்கு நகரசபை பணம் கொடுக்கிறது. இந்தப் பயணத்தில் நான் கேட்ட நல்ல செய்தி இதுதான்.

ஓகஸ்ட் 22, வெள்ளி – எட்மன்டன்

நகர நடுவுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருந்ததால் இங்கே கட்டடங்கள் நெடுங்காலம் குட்டையாக இருந்தன. 2013இல் அது மூடப்பட்டது. சில வருடங்களில் 251 மீற்றர் ஸ்ரான்டெக் கோபுரம் எழுந்தது. என்னை இழுத்தது அது அல்ல, நகரை ஊடறுத்துப் போகும் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பச்சைக் காடு. அதன்மேல் 1913இல் கட்டிய இரும்புப் பாலம். நகரத்தின் அழகு இங்கே பள்ளத்தில் இருக்கிறது.

ஓகஸ்ட் 24, ஞாயிறு – வன்கூவர்

எலிசபெத் மகாராணி பூங்காவின் உச்சிதான் நகரிலேயே உயர்ந்த இடம். வடக்கே மலைகள், கீழே மெல்லிய கண்ணாடிக் கோபுரங்கள். 1989இல் நகரசபை பார்வைக் கூம்புகளை வகுத்தது: குறித்த பொது இடங்களில் நின்றால் மலை தெரிய வேண்டும், கோபுரங்கள் அதற்கு விலகி நிற்க வேண்டும். எக்ஸ்போ 86 நடந்த கரையில் இந்த நகரத்தின் முறை தெளிவாகத் தெரிகிறது. அடியில் கடைகளும் தாழ்வான வீடுகளும், அவற்றின்மேல் இடைவெளி விட்டு ஒல்லியான கோபுரங்கள். நகர நடுவை வெட்டிக்கொண்டு பெருஞ்சாலை எதுவும் இல்லை. 1960களின் இறுதியில் சீனர் வாழ்ந்த பகுதி மக்கள் எழுந்து நின்று அதைத் தடுத்தார்கள். ஆனால் 1972இல் திறந்த மேம்பாலங்களுக்காகக் கறுப்பின மக்களின் ஹோகன்ஸ் ஒழுங்கை இடித்தழிக்கப்பட்டது.

கோபுரம் ஒல்லியானாலும் வீட்டு விலை ஒல்லியாகவில்லை. வாடகை கட்ட முடியாத நகரத்தில் மலைக்காட்சி யாருக்கு என்று பலர் கேட்கிறார்கள். 2024இல் சில கூம்புகளை நகரசபை தளர்த்தியது. புராட் பாலத்தடியில் ஸ்குவாமிஷ் மக்கள் தங்கள் சொந்த நிலத்தில் 11 கோபுரங்கள் எழுப்புகிறார்கள், 6,000 வீடுகள். 1913இல் அவர்களை விரட்டிய இடம் அது. இன்று நகரசபையின் உயர விதி அந்த நிலத்தில் செல்லாது.

"மலையா, வீடா? எதை எடுப்பீங்கள் அம்மப்பா?"

உடனே பதில் சொல்லவில்லை. பதினான்காம் மாடியில் ஏழு பேராக இருந்தவனுக்கு அது லேசான கேள்வி இல்லை.

ஓகஸ்ட் 27, புதன் – ஸ்கார்பரோ

ஏழு படங்களும் சாப்பாட்டு மேசையில் கிடக்கின்றன. பேத்திக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

மலையும் வேண்டும், வீடும் வேண்டும். குடியிருக்க இடம் கொடுக்கும் உயரத்தை நான் வரவேற்கிறேன். பூட்டிக் கிடக்கவும் விளம்பரத்துக்கும் எழும் உயரத்தை வரவேற்க மாட்டேன். எவ்வளவு உயர்ந்தாலும், ஏழையும் சும்மா வந்திருந்து தன் ஊரை முழுதாகப் பார்க்க ஒரு மேடு, ஒரு பூங்கா, ஒரு கரை மறைக்கப்படாமல் இருக்க வேண்டும். ஹலிஃபக்ஸும் மொன்றியலும் வன்கூவரும் அதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கின்றன. அந்த வகையில் அவை எங்கள் ரொறன்ரோவை விடப் பெரிய நகரங்கள்.

எங்கள் தெருமுனையில் புதிய கோபுரத்துக்கான அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். பொதுக்கூட்டம் வரும். நம்மவர்கள் இப்படியான கூட்டங்களுக்குப் போவது குறைவு. இந்த முறை பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கேட்க இரண்டு கேள்விகள் போதும்: இதில் யார் குடியிருக்கப் போகிறார்கள்? இது எங்களிடமிருந்து எதை மறைக்கப் போகிறது? உங்கள் தெருவிலும் பலகை இருந்தால், நீங்களும் போய்க் கேளுங்கள்.