கத்தும் விளக்கு

"லைட்டு கத்தியாச்சா மக்களே?"

குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான முட்டத்தில் என் கல்லூரி நண்பன் வீட்டுத் திண்ணையில் முதன்முதலாக உட்கார்ந்திருந்த சாயங்காலம், அவனுடைய பாட்டா என்னைக் கேட்ட முதல் கேள்வி இது. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கேள்வி எனக்குப் பிடிபடச் சற்று நேரமாயிற்று. தேரூர்ப் பக்கத்து ஆளான எனக்கு விளக்கு எரியும், காக்கை கத்தும். மேற்கே கல்குளம், விளவங்கோட்டுப் பேச்சில் தீயும் கத்தும், விளக்கும் கத்தும். எழுந்து எட்டிப் பார்த்தேன். பாறை முனையில் நின்ற கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒளி கடல்மேல் வீசிவிட்டுப் போனது. "கத்தியாச்சு பாட்டா" என்றேன். அவர் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு வெற்றிலைச் செல்லத்தைத் தேடினார்.

அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சொல் என்னை விடவில்லை. கலங்கரை விளக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கரையில் நிற்பதால் கலங்கரை என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கலம் என்றால் கப்பல், கரைதல் என்றால் அழைத்தல் என்று தமிழாசிரியர் ஒருவர் பிறகு சொல்லித் தந்தார். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல். கலத்தைக் கூப்பிடும் விளக்கு. இளங்கோவடிகள் எழுதிய சொல்லின் பொருளை, பள்ளிக்கூடம் போகாத பாட்டா தன் போக்கில் வேறொரு சொல்லால் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றல்ல. ஆனால் என் காதில் அவை ஒன்றாகவே விழுந்தன, இன்றும் அப்படித்தான்.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் புகார்க் கடற்கரையின் விளக்குகள் வரிசையாக வரும். பூ விற்பவர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, திமிலில் போகும் பரதவர் விளக்கு. அவற்றின் நடுவே கலங்கரை விளக்கமும் ஒன்று. அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிழைப்புக்காக ஏற்றிய விளக்குகளோடு விளக்காக அதுவும் நிற்கிறது. பெரும்பாணாற்றுப்படையோ, கூரை வேயாத உயர்ந்த மாடத்தில் ஏணி சார்த்தி ஏறி, இரவில் மூட்டிய தீயைக் காட்டுகிறது. அந்த ஏணியில் தினமும் விறகு சுமந்து ஏறியவன் யார் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் நாஞ்சில் நாட்டு வயற்காட்டு மனிதர்களுக்குக் கடல் முதுகுப் பக்கம். தேரூரிலிருந்து மணக்குடிக் கடற்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் எங்கள் கண் தாடகை மலையில் மேகம் இறங்குகிறதா, குளத்தில் தண்ணீர் நிற்கிறதா, கன்னிப்பூ நெல் பால் பிடித்ததா என்றுதான் பார்க்கும். ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் முழுக்கு, தினமும் வாசலில் மீன்கூடை, அதோடு சரி. கூடையில் வந்த மீனைப் பிடித்தவன் முந்தின இரவு எப்படிக் கரைக்கு வந்து சேர்ந்தான் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தத் திண்ணையில் உட்காரும்வரை.

பாட்டா கட்டுமரத்தில் போனவர். பகலில் அவருக்கு வழி சொன்னது கணியம். கரையிலுள்ள மலையுச்சி ஒன்றும், தேவாலயக் கோபுரமோ தென்னங்கூட்டமோ இன்னொன்றும் ஒரே கோட்டில் வரும்படி பார்ப்பது. வேறு திசையில் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில், மேலே வெறும் தண்ணீர்தான் தெரியும், அடியில் மீன் கூடும் பாறை இருக்கும். தலைமுறை தலைமுறையாக வாயால் மட்டும் கைமாறிய கணக்கு. கடலில் இருந்துகொண்டு கரையைப் படிக்கிற வித்தை அது. இருட்டினால் மலை மறைந்துவிடும். பிறகு அவருக்குக் கரை என்பது அந்த ஒரு விளக்குதான்.

"அது நம்ம லைட்டுதான்னு எப்படித் தெரியும் பாட்டா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஜெபம் சொல்லிப் பாப்பேன். அருள் நிறைந்த மரியே தொடங்குவேன். எந்த வார்த்தையில வெட்டுகுன்னு கணக்கு உண்டு. விழிஞ்சத்து லைட்டுக்கு வேற வார்த்தை."

கடிகாரம் இல்லாத மனிதர் இருட்டின் நீளத்தை ஜெபத்தால் அளந்திருக்கிறார். ஒவ்வொரு விளக்குக்கும் தனித் தாளம் உண்டு என்பதுதான் உலகம் முழுவதும் இந்தத் தொழிலின் அடிப்படை. இத்தனை விநாடிக்கு ஒருமுறை மின்னும், அல்லது இரண்டு மின்னி ஓயும். மாலுமி பட்டியலைப் பார்த்து இன்ன இடம் என்று கண்டுகொள்வான். அப்படி மின்ன வைப்பதற்குப் பழைய நாளில் பெரும்பாடு பட்டார்கள். பிரெஞ்சுக்காரரான பிரெனல் செய்த கண்ணாடி 1823இல் அந்நாட்டுக் கோர்துவான் கலங்கரை விளக்கில் ஏறியது. ஒரே பெரிய வில்லையாகச் செய்தால் தாங்கமுடியாத கனம் வரும் என்று, வட்ட வட்டமான பட்டைகளாக அடுக்கியிருந்தார். நாலாபக்கமும் சிதறும் சுடரை அது வாரிச் சேர்த்துத் தொடுவானத்துக்கு அனுப்பும். சுவர்க் கடிகாரத்தைப் போலக் கனமான எடைக்கல் ஒன்று கோபுரத்துக்குள் மெல்ல இறங்கும், அந்த இழுப்பில் கண்ணாடி சுற்றும். கல் அடிக்கு வருமுன் காவற்காரர் கையால் சுற்றி மேலேற்ற வேண்டும். பகலிலும் ஓய்வில்லை. கண்ணாடி வழியே வெயில் குவிந்து தீப்பிடிக்காமல் இருக்கத் திரை போட வேண்டும். ராத்தூக்கத்தை விட்டவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எங்கள் பாடப்புத்தகத்தில் வரவில்லை.

நம் பக்கத்து விளக்குகளுக்கும் நீண்ட கதை உண்டு. சென்னைக் கலங்கரை விளக்கம் 1796இல் கோட்டைக்குள் ஒரு மாடியில் தேங்காயெண்ணெய் விளக்காகத் தொடங்கியது, 1844இல் உயரமான கல்தூணுக்குப் போனது, 1894இல் உயர் நீதிமன்றக் கும்மட்டத்தின்மேல் ஏறியது, 1977இல் மெரினாவுக்கு வந்தது. பழைய தூண் இன்றும் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. மாமல்லபுரத்தில் பல்லவர் கட்டிய ஒலக்கணேசுவரர் கோயிலின் உச்சியிலேயே கப்பலுக்கு விளக்கேற்றினார்கள். கருங்கல் கோபுரம் பக்கத்தில் பிறகு வந்தது. கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கோபுரம் 2004 சுனாமியில் சிதைந்து போனது. அதைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய விளக்குகளைக் காக்கும் விஷயத்தில் அமெரிக்கர்கள் செய்ததை நான் மதிக்கிறேன். கேப் ஹாட்டரஸில் 1870இல் செங்கல்லால் எழுப்பிய கோபுரத்தைக் கடல் அரித்துக்கொண்டே வந்தபோது, 1999இல் அதை அப்படியே பெயர்த்து, தண்டவாளத்தில் நகர்த்தி, 2,900 அடி தள்ளி வைத்தார்கள். 2000இல் சட்டமே இயற்றி, கைவிடப்படும் விளக்குகளைப் பராமரிக்க முன்வரும் ஊர்களுக்கும் சங்கங்களுக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். 1716இல் ஏற்றிய பாஸ்டன் விளக்குக்கு 2023 முடியும்வரை காவலர் ஒருவர் இருந்தார். இங்கே 1927ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டம் போய் 2021இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. அதில் பாரம்பரிய விளக்குகளைக் காப்பதற்கும் இடம் இருக்கிறது. ஆனால் பாட்டாவின் கணியத்தையும் ஜெபக் கணக்கையும் காக்க எந்தச் சட்டத்தில் இடம் தேடுவது? அவர் போன மாதிரியே அதுவும் போய்விட்டது.

ஒக்கி புயல் வீசிய 2017 நவம்பர் கடைசியை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர் வீடுகளுக்கு எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்கள் போனது நெடுந்தூரம். எந்த விளக்கின் ஒளியும் அங்கே எட்டாது. கரையிலிருந்து ஒரு குரல் எட்டியிருக்க வேண்டிய தூரம் அது, வேளைக்கு எட்டவில்லை. செயற்கைக்கோள் வழியே படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. கலத்தை அழைப்பது என்றால் இன்றைக்கு அதுவும் சேர்த்துத்தான். அழைக்கும் கடமை மட்டும் அந்தப் பழைய ஏணிக்காரனுடையதேதான். அது எங்களைப் போல, நிலத்தில் நின்று மீன் தின்கிறவர்களின் கடமை.

போன மாசியில் முட்டம் போயிருந்தேன். நண்பனின் மகன் ஃபைபர் படகில் தொழில் செய்கிறான். ஜிபிஎஸ் வைத்திருக்கிறான். பாட்டா வாயால் சொன்ன பாறைகளெல்லாம் அதில் எண்களாக ஏறியிருக்கின்றன. கோபுரத்துக்குக் கீழே, அலை வந்து உடையும் பாறைமேல் வலையைப் போட்டுக்கொண்டு கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜிபிஎஸ் இருக்கும்போது லைட்டைப் பாக்கியாடே?"

"பாக்காம இருப்பனா சித்தப்பா?" என்றான். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை என்பதுபோல ஊசியில் நூலை இழுத்தான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஊருக்குள் தேவாலய மணி அடித்தது. மேலே கத்தியது. ஒளி கடல்மேல் போனதும் அவன் கை ஒரு நொடி நின்றது. கண் வலையில்தான் இருந்தது. அடுத்த ஒளி வரும்வரை உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.