கன்னியாகுமரி: விடியும் முன்னே கதவைத் தட்டும் கைக்கு உங்கள் டிப்ஸ் போய்ச் சேர்கிறதா?

அதிகாலை 5 மணி. கன்னியாகுமரி கடற்கரையை ஒட்டிய லாட்ஜ்களில் வரிசையாகக் கதவு தட்டும் சத்தம். "சார், சூரிய உதயத்துக்கு நேரமாச்சு, எழும்புங்க!" தமிழ், மலையாளம், இந்தி என்று ஆளுக்கேற்ற மொழியில் குரல் வரும். தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு குடும்பங்கள் மொட்டை மாடிக்கும் முக்கடல் சங்கமத்துக்கும் ஓடும்.

தட்டிய ரூம் பாய் அதற்குள் அடுத்த மாடிக்குப் போயிருப்பார். இந்த வேலைக்கு எந்த பில்லிலும் கட்டணம் இல்லை. அறையைக் காலி செய்யும்போது, "மீதிய டீ செலவுக்கு வச்சுக்கோங்க" என்று கவுன்டரில் சொல்லிவிட்டுப் பலரும் கிளம்பிவிடுகிறார்கள். காலையில் எழுப்பிவிட்டவர் அதற்குள் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

குமரிக்கு வருகிறவர்கள் டிப்ஸ் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இதுதான். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட, யார் கையில் கொடுக்கிறோம் என்பது முக்கியம்.

காணாமல்போன சில்லறை

நாகர்கோவில் பக்கம் மதியச் சாப்பாடு என்றால் சம்பா அரிசிச் சோறு, அவியல், தீயல். சாப்பிட்டு முடித்ததும் சோம்புத் தட்டில் பில் வரும். மீதிச் சில்லறை அந்தத் தட்டிலேயே தங்கிவிடும். இப்போது கவுன்டரில் கியூஆர் கோடு. பில் 187 ரூபாய் என்றால் சரியாக 187 ரூபாய் போய்விடுகிறது. தட்டில் தங்க எதுவும் இல்லை.

பயணம் புறப்படும்போதே 10, 20, 50 ரூபாய் நோட்டுகளைக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். சோறு போட்ட சப்ளையரைப் போலவே, மேசை துடைக்கும் கிளீனரும் உழைத்திருக்கிறார். அவர் கையிலும் தனியாகக் கொடுக்கலாம்.

சர்வீஸ் சார்ஜ் வேறு

சில பெரிய ஓட்டல்களின் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' இருக்கும். இதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நீக்கச் சொல்லியும் மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பில்லில் அந்தத் தொகையைக் கட்டிவிட்டால், அது பரிமாறியவருக்குத்தான் போகும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே கொடுக்கக் கூடாது?

விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவது அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிப்பது கேரள தொல்லியல் துறை. இந்த இடங்களில் டிக்கெட் கட்டணத்தோடு சரி. வரிசையைத் தாண்டிப் போகக் கொடுக்கும் பணத்துக்குப் பெயர் டிப்ஸ் இல்லை, லஞ்சம். வேலை முடிந்த பிறகு, மனம் நிறைந்து, யாரும் கேட்காமல் கொடுப்பதே டிப்ஸ்.

அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். மிச்சத்தைப் பெரும்பாலும் டிப்ஸ்தான் நிரப்புகிறது. ஜப்பானிலோ டிப்ஸ் கொடுத்தால் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். நம் ஊர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சம்பளம் கொடுப்பது முதலாளியின் கடமை. டிப்ஸ் வாடிக்கையாளரின் நன்றி. ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றதைக் குறைக்கக் கூடாது.

எனவே, அடுத்த முறை குமரியில் தங்கினால், உதயம் பார்க்க இறங்கும்போதே அந்தத் தம்பியின் பெயரைக் கேளுங்கள். நோட்டை அவர் கையிலேயே கொடுங்கள்.

கொடுக்காவிட்டாலும் குற்றமில்லை. நல்ல வேலைக்காரர், டிப்ஸ் கொடுத்த அறை, கொடுக்காத அறை என்று பார்ப்பதில்லை. மறுநாள் அதிகாலையிலும் எல்லாக் கதவையும் ஒரே மாதிரிதான் தட்டுவார்.