கூரையில்லாதவரின் கேள்வி

எனது தம்பி வெள்ளவத்தையிலுள்ள தனது வீட்டுக் கூரையில் 2018ஆம் ஆண்டு சூரிய மின்தகடுகளைப் பொருத்தினான். 2016இல் ஆரம்பிக்கப்பட்ட ‘சூரிய பல சங்ராமய’ திட்டத்தின்படி, முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபா, அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்கு 15 ரூபா 50 சதம். மாதந்தோறும் மின்பட்டியல் செலுத்தி வந்தவன், மின்சார சபையிடமிருந்து பணம் பெறுபவனாக மாறினான். அவனது பெருமிதத்தில் எனக்கும் பங்கிருந்தது.

என்னுடன் நீண்டகாலம் பணியாற்றிய ஒப்புநோக்காளர் ஒருவரிடம் இதைக் கூறினேன். ஓய்வுபெற்றுவிட்ட அவர், மூன்றாம் மாடியில் வாடகை அறையொன்றில் வசிக்கிறார். கூரை அவருடையதல்ல. “அப்ப தம்பி வீட்டுக்குப் போற கம்பிக்கும் இனி நாங்களோ அண்ணை காசு கட்டவேணும்?” என்று கேட்டார். பிறர் பிழையைக் கண்டுபிடித்தே பழகிய மனிதர்!

கேள்வி நியாயமானதே. கூடுதலாகப் பாவிப்போர் கூடிய விலை செலுத்துவதும், அந்த மிகுதி ஏழைகளின் சலுகைக்குத் துணைநிற்பதும் எமது கட்டண முறையின் அடிப்படை. தகடுகளை முதலில் வாங்கியவர்களோ அந்தப் பெரிய பாவனையாளர்களே. அவர்கள் விலகியதால் கம்பிகளின் செலவோ, இரவு நேர மின்பிறப்பாக்கிகளின் செலவோ குறைந்துவிடவில்லை. விளம்பரதாரர்கள் இணையத்துக்குச் சென்றபோது பத்திரிகைகளுக்கும் இதுதான் நேர்ந்தது. அச்சியந்திரம் அப்படியே நின்றது; விலையைக் கூட்டினோம்; வாசகர்கள் மேலும் குறைந்தனர்.

தம்பிக்கும் அந்தக் கம்பி வேண்டும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது, உச்சி வெயிலிலும் அவனது தகடுகள் உறங்கின. மின்கலம் இல்லாத அவ்வகை அமைப்புகள், பொது வலையமைப்பில் மின்சாரம் நின்றதும் பாதுகாப்புக்காகத் தாமும் நின்றுவிடும். மறுபுறத்தில், பகல் மின்சாரம் மிகுந்தாலும் சிக்கல்தான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்ட தடங்கல் நாட்டையே இருளாக்கியது. குரங்கை எண்ணி எல்லோரும் சிரித்தோம். ஆனால், தேவை குறைந்த அந்நாளில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்து, அதிர்ச்சியைத் தாங்கவல்ல பெரும் சுழலிகள் போதியளவு இயங்காதிருந்தமையே சிரிப்புக்கு அப்பாலான விடயம். அடுத்துவந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. விற்பனையாளனிடமே விற்காதிருக்கும்படி கெஞ்சும் நிலை!

1969இல் தோன்றிய சபையைப் பிரிப்பதற்கு 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. பிரிப்பது ஒருபுறமிருக்க, கம்பிக்கான கட்டணத்தைக் கூரையுள்ளவரும் வெளிப்படையாகச் செலுத்த வேண்டும், மாலையில் மின்சாரம் தருபவருக்குக் கூடிய விலை கிடைக்க வேண்டும் என்பதே என் எண்ணம். தம்பிக்கு இது பிடிக்கவில்லை.

2025இல் அவனது 22 ரூபாக் காலம் முடிவடைந்தது. இப்போது மின்கலங்களின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறான். முழுமையாகவே கம்பியைத் துண்டித்துவிடலாமா என்றும் யோசிக்கிறான். இதை ஒப்புநோக்காளரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.