கரியும் தண்டவாளமும்

நம் கவிதைகளில் ரயில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. பிரிவு என்றால் ரயில்; தனிமை என்றால் கடைசி வண்டி போனபின் காலியான ப்ளாட்பாரம். ஆனால் இவற்றில் இஞ்சின் கிடையாது. இருந்தாலும் தூரத்துக் கூவலாக, ஒரு புகைக்கோடாக இருக்குமே தவிர, கரி எரிந்து, தண்ணீர் கொதித்து, ஆவி பிஸ்டனைத் தள்ளும் ஒரு பொருளாக இருப்பதில்லை. என் சித்தப்பா ஜோலார்பேட்டையில் பயர்மேனாக இருந்தவர். அதனாலோ என்னவோ, இந்தப் புகைக்கோட்டின் மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம்.

நண்பர்கள் கூடினால் தவறாமல் அடிபடும் ஒரு சொல் உண்டு: இறக்குமதி. இன்னாருடைய கவிதை இறக்குமதி, இன்ன விமர்சன முறை இறக்குமதி. சொல்பவர் அதைத் தீர்ப்பாகவே சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறார். இதற்குப் பதில் தேடும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது எலியட்டோ பவுண்டோ அல்ல, டபிள்யூ.பி. என்ற இஞ்சின் வகைதான். அது வந்த கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்லவேண்டும்.

1920களில் இந்திய ரயில்வேக்களுக்குப் பொதுவான இஞ்சின் வகைகளை வகுத்தார்கள். அகலப் பாதைக்கு எக்ஸ் என்ற எழுத்து. பயணி வண்டிகளுக்கு எக்ஸ்.ஏ., எக்ஸ்.பி., எக்ஸ்.சி. என மூன்று. மூன்றும் பசிபிக் என்னும் அமைப்பு: முன்னால் சிறு சக்கரங்கள் நான்கு, நடுவில் இழுக்கும் சக்கரங்கள் ஆறு, பின்னால் இரண்டு. அந்தப் பின்னிரண்டின் மேல்தான் அகலமான அடுப்பு உட்கார முடியும். அகலமான அடுப்பு வேண்டியிருந்தது, சாம்பல் மிகுந்த மலிவுக் கரியை எரிப்பதற்காக. ஆக, யோசனையில் பிசகில்லை. நம்மூர்க் கரியை நினைத்துத்தான் லண்டனில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். 1927லிருந்து அவை வந்து இறங்கின. ஒன்றிரண்டை ஓட்டிப் பார்த்துத் திருத்துவதற்கு முன்பே மொத்தமாக வாங்கியும் ஆயிற்று. மூன்று வகையும் சேர்த்து 284.

வேகமெடுத்ததும் அவை பக்கவாட்டில் தலையை ஆட்டின. நேரான பாதையில்கூட இடமும் வலமும் மோதி மோதித் தண்டவாளத்தை வளைத்தன. முன் சக்கரத் தொகுதியை நடுவுக்கு இழுத்துப் பிடிக்கவேண்டிய விசை போதாது. கீழே பாதையும் அந்த உதையைத் தாங்கும் பாதை அல்ல. வேகத்தைக் குறை, இங்கே திருத்து, அங்கே மாற்று என்று பத்து வருஷம் ஒப்பேற்றினார்கள். 1937 ஜூலை 17 அன்று பாட்னாவுக்குப் பக்கத்தில் பிஹ்டாவில், ஹௌராவை நோக்கி வந்துகொண்டிருந்த பஞ்சாப் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. இழுத்து வந்தது ஓர் எக்ஸ்.பி. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதன்பிறகுதான் கர்னல் மவுண்ட் தலைமையில் பசிபிக் லோகோமோட்டிவ் கமிட்டி. இங்கிலாந்தில் இஞ்சின் கட்டுவதில் பெரும் பெயரெடுத்த ஸ்டேனியரும் அதில் இருந்தார். 1939இல் அறிக்கை வந்தது. பழி இஞ்சினுக்கும் உண்டு, பாதைக்கும் உண்டு என்பதுதான் அதன் சாரம்.

இந்த எக்ஸ்.பி.தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது கரியை மறந்த இஞ்சின் இல்லை. தண்டவாளத்தை மறந்தது. மண்ணை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன் என்று நம்மில் யாராவது சொல்லும்போது, மண்ணில் எதை என்று கேட்கத் தோன்றுகிறது.

பிறகு யுத்தம். அமெரிக்காவிலிருந்து சரக்கு இஞ்சின்கள் வந்தன. தடித்த உருக்குச் சட்டத்தில் கட்டியவை, பார்க்க முரடு. கெட்டுப்போன பாதையிலும் அவை ஒழுங்காக ஓடின. பிஹ்டாவில் கற்றதும் இவற்றில் பார்த்ததும் ஒன்றாகச் சேர்ந்து உருவானதுதான் டபிள்யூ.பி. அதுவும் பசிபிக்தான். அதே பின்னிரண்டு சக்கரம், அதே அகல அடுப்பு. சட்டம் மட்டும் அமெரிக்க முறை. இழுக்கும் சக்கரங்கள் 5 அடி 7 அங்குலம், பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. 1947இல் பால்டுவின் கம்பெனியிலிருந்து மாதிரிக்காக 16 மட்டும் தருவித்தார்கள். ஓட்டிப் பார்த்து, திருத்தி, அதன்பின்தான் நூற்றுக்கணக்கில். கனடாவில் செய்தார்கள், போலந்தில் 30, வியன்னாவில் 30, 1963லிருந்து சித்தரஞ்சனில் 259. 1967இல் நிறுத்தியபோது மொத்தம் 755. இருபது வருஷம் ஒரே உருவத்தை உலகத்தின் நாலு மூலையிலும் வார்த்து வாங்கியிருக்கிறார்கள். டில்லியிலிருந்து ஆக்ராவுக்கு தாஜ் எக்ஸ்பிரஸை இழுத்ததும் இதுதான். மெட்ராஸ் சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டைக்கு இரவு மெயில்களை இழுத்ததும் இதுதான். எழும்பூருக்குத் தெற்கே மீட்டர் பாதையில் வளர்ந்தவர்களுக்கு இதன் தம்பியான ஒய்.பி.யைத்தான் தெரிந்திருக்கும். அது வேறு கதை. 1970 வரை செய்தார்கள், அதற்கு இரண்டு வருஷம் முன்பே பிரிட்டிஷ் ரயில்வே நீராவியைக் கைவிட்டுவிட்டது.

டபிள்யூ.பி. இறக்குமதியா? அமெரிக்காவில் வார்த்த முதல் பதினாறும் சித்தரஞ்சனில் வார்த்தவையும் ஒரே இஞ்சின். இரண்டில் எது சுதேசி என்று சுங்க அதிகாரிதான் சொல்லவேண்டும். விமர்சகன் சுங்க அதிகாரியின் வேலையை ஏன் செய்கிறான் என்பது எனக்கு விளங்கவில்லை.

அதன் மூக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புகைப்பெட்டியின் முன்னே கூம்பிய மூக்கு, நடுவில் விளக்கு, விளக்கைச் சுற்றி வெள்ளிக் கதிர்கள் விரித்த நட்சத்திரம். டபிள்யூ.பி. என்றால் எல்லோருக்கும் நினைவிருப்பது அதுதான். மணிக்கு நூறு கிலோமீட்டர் போகும் வண்டிக்குக் காற்றைக் கிழிக்க அப்படியொரு மூக்கு தேவையே இல்லை. ஸ்டேனியரின் இஞ்சின்களுக்கே 1937இல் போர்த்திய அலங்காரத் தகட்டை யுத்தம் முடிந்ததும் பராமரிப்புக்கு இடைஞ்சல் என்று உரித்து எறிந்தார்கள். நம்முடையது கடைசிவரை மூக்கோடுதான் நின்றது. ஷெட்டுக்கு ஷெட் அதற்குப் பித்தளை பூட்டி, வர்ணம் தீட்டி, அழகுப் போட்டிகூட நடத்தினார்கள். தேவையில்லாதது என்று தெரிந்தும் எனக்கு அதைப் பிடிக்கும். உருவவாதி என்று என்னைத் திட்டுகிறவர்கள் இந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

சித்தப்பாவுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. ஒரு டிரைவர், இரண்டு பயர்மேன். கரியை வாரிப் போட மிஷின் கிடையாது, கைதான். ஷவலைப் பற்றி மட்டும் அவர் மணிக்கணக்கில் பேசுவார். "மொத்தமாக் கொட்டினா நெருப்பு மூச்சு முட்டும்டா. கொஞ்சம் கொஞ்சமாத் தூவணும், வெள்ளையா எங்க எரியுதோ அங்க." நல்ல கரியில் இரண்டு மூலையைக் கவனித்தால் போதும். சாம்பல் கரியில் நாலு மூலையும் ஏமாற்றும். சாம்பல் உருகிக் கட்டிதட்டி, காற்று வரும் வழியை அடைத்துவிடும். அழுத்தமானி முள் இறங்கினால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார், எதுவும் பேசமாட்டார். அந்தப் பார்வைக்காகவே ராத்திரி முழுக்க உழைத்தேன் என்று ஒருமுறை சொன்னார். அடுப்பின் வெளிச்சத்திலிருந்து கண்ணை எடுத்து இருட்டில் சிக்னலைப் பார்த்தால் சில விநாடி ஒன்றும் தெரியாதாம். அவர் முழங்காலுக்குக் கீழே ரோமம் கிடையாது. வெந்து வெந்து உதிர்ந்தது.

டீசல் வந்ததும் அவரை டீசல் அசிஸ்டெண்ட் ஆக்கினார்கள். சட்டையில் கரி இல்லை, சம்பளம் குறையவில்லை, சித்திக்குத் துவைக்கிற வேலை பாதியாயிற்று. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அவரும்தான். ஆனால் டூட்டியில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதைச் சோகமாக்கி ஒரு கதை எழுதலாம், எழுதியும் பார்த்தேன். அதில் மறுபடி அந்தப் புகைக்கோடு வந்து உட்கார்ந்துகொண்டது. கிழித்துப் போட்டேன். வெந்த காலை விட்டுவிட்டுப் போன வேலைக்காக ஏங்குவது, வண்டிக்கு வெளியே நின்றுகொண்டிருப்பவனின் ஏக்கம்.

1995இல் அகலப் பாதையில் நீராவி முடிந்தது. ரேவாரி ஷெட்டில் டபிள்யூ.பி.களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 7161க்கு அக்பர் என்று பெயர். அதன் படம் ஒன்று கிடைத்தபோது சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தான் வேலை செய்த இஞ்சின்களின் நம்பரில் நாலைந்தை ஞாபகப்படுத்திச் சொன்னார். எனக்கு மூக்கைப் பற்றித்தான் ஆவல். அந்த நட்சத்திரம் எப்படி இருக்கும், எல்லாவற்றிலும் ஒரே மாதிரியா என்று கேட்டேன்.

"கிளீனரா இருந்தப்போ தொடச்சிருக்கேன்," என்றார். "அப்புறம் அது முன்னாடி இல்ல இருக்கு. நாங்க எங்க பாத்தோம்?"